கச்சானோடு எட்டு நாள்

கன்னியாகுமரியிலிருந்து அரிச்சல்முனை வரை, சைக்கிளும் கூடாரமுமாக ஒரு கடலோரப் பயணம்

சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தின் மதிலோரம், விடிகாலை ஐந்தரை மணி. வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் எங்கள் சைக்கிள்களை ஏற இறங்கப் பார்த்தார். பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகள், கேரியரில் சுருட்டிக் கட்டிய கூடாரம், அதன்மேல் ஒரு சிறிய அடுப்பு.

“எங்க போறிய?”

“தனுஷ்கோடி வரைக்கும் அய்யா.”

“எந்தக் காத்துல?”

எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள், எங்கெங்கே தங்கல் என்று கேட்டிருந்தால் பதில் இருந்தது. இதற்கு இல்லை. பெரியவர் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, தோள் உயரத்திலிருந்து மெல்ல விட்டார். மணல் நேரே கீழே விழவில்லை. சாய்ந்து கிழக்கே போய்ச் சிதறியது.

“கச்சான். ஆடி முடியுற வரைக்கும் இதுதான். உங்களுக்கு முதுகுல விழும். சொகமாப் போவிய. திரும்பி வாறப்போ பாத்துக்கிடுங்க.”

அந்தக் கடைசி வார்த்தையை நாங்கள் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

நாங்கள் என்பது நானும், பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளும். ஏறக்குறைய 340 கிலோமீட்டர். காரில் ஒரு பகலில் முடிகிற தூரத்துக்கு எட்டு நாள் ஒதுக்கியிருந்தோம். “இந்தக் கடலை பஸ் கண்ணாடி வழியாவே பார்த்துப் பழகிட்டோம்ப்பா” என்று அவள் ஒருமுறை சொன்னதுதான் தொடக்கம். கண்ணாடியை இறக்கினால் என்ன தெரியும் என்று பார்க்கப் புறப்பட்டோம். தெரிந்தது காற்று. இந்தக் கரையில் வீடு எந்தப் பக்கம் வாசல் வைப்பது, படகை எப்போது இறக்குவது, உப்பை எப்போது வாருவது, ரயில் பாலத்தில் போகலாமா நிற்க வேண்டுமா என்று எல்லாவற்றையும் முடிவுசெய்வது அதுதான்.

நாலு காற்று, நாலு பெயர்

வடக்கிலிருந்து வந்தால் வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். தெற்கிலிருந்து வந்தால் சோழகம். மேற்கிலிருந்து வந்தால் கச்சான். இடைப்பட்ட திசைகளுக்கு இரண்டு பெயரையும் சேர்த்து ஒட்டிச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் கொஞ்சம் நகரும். ஆனால் பெயரில்லாத காற்று என்று ஒன்று கடற்கரையில் வீசுவதில்லை.

கச்சான் எங்கிருந்து வருகிறது என்பதை வட்டக்கோட்டையின் மதில்மேல் ஏறினால் பார்க்கலாம். கருங்கல்லால் ஆன இந்தக் கடற்கோட்டையை 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் கட்டி வலுப்படுத்தியவர் டி லனாய். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து திருவிதாங்கூரிடம் பிடிபட்டு, பிறகு அந்த நாட்டுக்கே தளபதியானவர். மதிலின் ஒரு பக்கம் கடல்; மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் என்னும் இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறது. அதனால்தான் இங்கே அது ஈரமில்லாமல், வேகத்தோடு வருகிறது. முப்பந்தலில் தொடங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறதென்றால், அந்தக் கணக்கின் பெரும்பகுதி இப்படிப்பட்ட மலையிடுக்குகளின் கொடை.

“காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அதுல இருக்கிற சக்தி எட்டு மடங்குப்பா” என்றாள் மகள். படித்ததைக் கண்ணால் பார்க்கும் மகிழ்ச்சி அவள் குரலில் இருந்தது. எனக்கு அன்று அது காற்றாலைக்கான கணக்காக மட்டுமே பட்டது. ஏனென்றால் காற்று எங்கள் பக்கம் இருந்தது. கூட்டப்புளி, பெருமணல், கூடங்குளம், இடிந்தகரை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களை நோக்கி வந்தன. இடது தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல. லாரி கடக்கும்போது மட்டும் காற்று ஒரு கணம் மறைந்து, அது போனதும் மறுபடி அறையும். அந்த நொடியில் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கப் பழகிக்கொண்டோம்.

வள்ளத்தில் கட்டிய கயிறு

முதல் இரவு உவரியில். கூடாரம் போடுவதற்கு முன் ஊரில் கேட்டுவிடுவது என்பதை முதலிலேயே விதியாக வைத்திருந்தோம். கடற்கரை யாருக்கும் சொந்தமில்லாததுபோல் தோன்றும். ஆனால் வலை காயும் இடம் ஒருவருடையது, படகு ஏற்றும் பாதை ஒருவருடையது, மீன் ஏலம் நடக்கும் மணல் எல்லோருடையது. கேட்டதும் நான்கு பேர் வந்து, அலை எதுவரை ஏறும் என்று காட்டி, கரையேற்றிய வள்ளங்களுக்குக் கிழக்கே, காற்று மறைவில், இடம் சொன்னார்கள்.

மணலில் கூடாரம் போடுவது தனிக் கலை. கடையில் வாங்கும் முளைகள் மணலில் நிற்காது; ஒரு இழுப்புக்குக் கையோடு வந்துவிடும். துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மேலே மிதித்துவிட வேண்டும். தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும்; வாசல் அதற்கு எதிர்ப்பக்கம். இதையெல்லாம் செய்து முடித்த திருப்தியில் நாங்கள் இருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து நின்றார்.

“பிள்ளைய எங்க வீட்டுக்குள்ள படுக்கச் சொல்லுங்க. நீங்க வேணும்னா இங்கன கெடங்க.”

மகள் சிரித்து, கூடாரத்தில் படுப்பதற்காகத்தான் வந்திருப்பதைச் சொன்னாள். அந்த அம்மா விவாதிக்கவில்லை. வீட்டுக்குப் போய், விரல் தடிமனில் ஒரு கயிற்றோடு திரும்பி வந்தார். “இத வள்ளத்தோட சேத்துக் கட்டுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல காத்து கூடும்.” சொன்னபடியே இரண்டு மணிக்கு மேல் கூடாரத்துணி பறைபோல் அதிர்ந்தது. புதைத்த பைகளில் ஒன்று மேலே வந்துவிட்டது. வள்ளத்தில் கட்டிய கயிறு மட்டும் அசையவில்லை. காலையில் அதைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தபோது, “வச்சுக்கிடுங்க, இன்னும் எத்தன கரை இருக்கு” என்றார். எட்டு நாளும் அந்தக் கயிறு எங்களோடு இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தை முதல் பங்குனி வரை இந்தக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் மணலில் விளக்கு வைத்துக் கூடாரம் போடுவது அவற்றைத் திசைமாற்றிவிடும். அப்போது ஊருக்குள் தங்குவதே முறை. எந்த மாதமானாலும், கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை வேண்டும். காற்றுள்ள கரையில் கைநழுவிய ஒரு சிப்ஸ் உறை மூன்று நொடியில் கடலுக்குள் போய்விடுகிறது. அதைத் துரத்திப் பிடித்தவர்கள் யாருமில்லை.

சிவப்பு மணல், சிலுவைக் குன்று

உவரியைத் தாண்டி உள்பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினால் நிலம் சிவக்கிறது. இதுதான் தேரி. இரும்புத் துருவின் பூச்சேறிய செம்மணலைக் காற்று ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அள்ளிவந்து குவித்த மேடுகள். இதில் சைக்கிள் ஓட்ட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போனோம். நின்று பார்த்தால் மணல் நிற்கவில்லை. கணுக்கால் உயரத்தில் மெல்லிய செம்புகைபோல ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் காலடித் தடம் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி மூடிவிடுகிறது. இந்த நகரும் நிலத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பவை பனைகள். இங்கே பனையை வெட்டுகிறவர் ஒரு மரத்தோடு, ஒரு மேட்டின் ஆணிவேரையும் பிடுங்குகிறார்.

பதநீர்ப் பருவம் முடியும் தறுவாய். சாலையோரத்தில் ஒரு பெரியவர் பனையோலைப் பட்டையை மடித்துக் கையில் கொடுத்து, பானையிலிருந்து ஊற்றினார். அன்றைய தினம் சைக்கிள் மீட்டரில் 28 கிலோமீட்டர்தான் ஏறியிருந்தது. அதில் ஒன்றுகூட வீணாகவில்லை.

மணப்பாட்டை அடைந்தபோது மாலை. கடலுக்குள் நீட்டிய மணற்குன்றின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று இங்கே கரைசேர, அந்த முறிந்த மரத்திலிருந்து சிலுவை செய்து நட்டார்கள் என்பது ஊர் மரபு. 1542இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறை என்னும் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கிய குகை குன்றின் கடலோர முகத்தில் இருக்கிறது. ஆலயம் 1581இல் எழுந்தது. காற்று ஒருமுறை கொண்டுவந்து சேர்த்ததை ஊர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடாமல் வைத்திருக்கிறது. குன்றின் ஒரு பக்கம் அலை மோதி நுரைக்க, மறுபக்கம் மணல்திட்டு அணைத்த கழிமுகம் கண்ணாடிபோலக் கிடந்தது. அந்த அமைதியான பக்கத்தில் படுத்தோம்.

மறுநாள் குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடமிட்டு வரும் லட்சக்கணக்கானவர்களின் ஊர், இன்னொரு புறப்பாட்டுக்கும் தயாராகிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கான இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். இங்கிருந்தால் நேர் தெற்கே கடல் மட்டும்தான். திசை பார்த்துப் புறப்பட வேண்டும் என்ற கடற்கரைப் பாடத்துக்கு ராக்கெட்டும் விலக்கில்லை.

உப்பு விளையும் வெளி

திருச்செந்தூர் தாண்டியதும் சாலை நேர் வடக்கே திரும்புகிறது. கச்சான் இப்போது முழுக்க இடது பக்கத்திலிருந்து. சைக்கிளைக் காற்றுக்குள் சற்றே சாய்த்து ஓட்டினால்தான் நேரே போகும். காயல்பட்டினம், ஆத்தூர், முக்காணியில் தாமிரபரணிப் பாலம், பழையகாயல் என்று கடந்து முள்ளக்காடு வந்தோம். 1986இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று நின்றது இங்கேதான். அப்போது நட்டவை 55 கிலோவாட் இயந்திரங்கள். இன்று நிற்கும் ஒரு பெரிய காற்றாலை அவற்றில் நாற்பதுக்குச் சமம்.

அதன்பின் சாலையின் இருபுறமும் உப்பளம். சதுரம் சதுரமான பாத்திகளில் வானம் கிடக்கிறது. ஓரமாக நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களையும் உட்காரச் சொன்னார்கள். வெயில்தான் உப்பை விளைவிக்கிறது என்று நினைத்திருந்த என் எண்ணத்தை ஒரு அம்மா திருத்தினார். “வெயில் மட்டும் போதாது அண்ணாச்சி. கச்சான் அடிச்சாத்தான் தண்ணி சீக்கிரம் கட்டும். கொண்டல் வந்தா ஈரம், உப்பு கசிஞ்சிரும்.” அவர் பாதத்தின் வெடிப்புகளில் வெள்ளை படிந்திருந்தது. காலையிலிருந்து உப்பு வாரிய கால். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு தரும் மாநிலம் தமிழ்நாடு. அதன் நடுவே நிற்பது தூத்துக்குடி. நாம் சோற்றில் போடும் கல்லுப்பில் இந்தக் கச்சானும் இந்தக் கால்களும் இருக்கின்றன. கல்லுப்பை அள்ளும்போதெல்லாம் அந்த வெடிப்புகள் நினைவுக்கு வருகின்றன.

தூத்துக்குடியில் முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன் ஒரு பை வாங்கிக்கொண்டு பழைய துறைமுகப் பக்கம் போனோம். மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் கொண்டுபோகும் மரத்தோணிகள் காற்றுக் காலத்துக்காகக் கட்டிக் கிடந்தன. இப்போது எல்லாவற்றிலும் எஞ்சின் உண்டு. பாய் மட்டுமே இருந்த காலத்தில், ஒரு காற்றில் போவது, மறு காற்றுக்காகக் காத்திருந்து திரும்புவது என்பதே கடல் வணிகத்தின் கணக்கு. காத்திருப்பதும் பயணத்தின் பகுதியாக இருந்தது. இந்த ஒரு செய்தி கடைசி நாளில் எங்களுக்குக் கைகொடுக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

‘போறிய’ ‘போறீக’ ஆன இடம்

தருவைக்குளம், வேம்பார் தாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்தது மைல்கல்லைப் பார்க்கும் முன்பே காதில் தெரிந்தது. டீக்கடையில், “எங்கிட்டுப் போறீக?” என்றார்கள். நான்கு நாளாகக் கேட்ட ‘போறிய’ முடிந்துவிட்டது. சைக்கிள் வேகத்தில் போனால்தான் வினைமுற்று மாறும் இடம் பிடிபடும்.

இன்னொன்றும் பிடிபட்டது: சீமைக் கருவேல முள். சாயல்குடிக்கு முன் ஒரே காலையில் மூன்று பஞ்சர். மகளே சக்கரத்தைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்து ஒட்டினாள். கடற்காற்றின் உப்பு செயினையும் விடவில்லை; இரவில் துடைத்து வைத்தது காலையில் செம்பழுப்பாகிவிடும். தினமும் ஒரு குவளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். அந்த ஒரு குவளைத் தண்ணீர் இங்கே சின்ன விஷயமில்லை. குடிதண்ணீருக்குப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நெடுந்தூரம் போகும் நாடு இது. அதைப் பார்த்தபின் நாங்கள் செயினைக் கழுவுவதை விட்டு, துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஏர்வாடி, கீழக்கரை. இங்கே கரை கிழக்கே ஓடுகிறது. கச்சான் நேர் முதுகில். மிதிக்காமலேயே சைக்கிள் போன இடங்கள் உண்டு. எதிரே மன்னார் வளைகுடாவின் தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் இரண்டு இப்போது நீருக்குள் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலத்தின் விலை அது. அந்தத் தீவுகளில் அனுமதியின்றிக் காலடி வைக்கத் தடை; சரியான தடை. கரையில் நின்றே பார்த்தோம். முழங்கால் நீரிலிருந்து கடற்பாசி சேகரித்துத் திரும்பும் பெண்கள் விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. நீவாடும் காற்றும் ஒத்துவந்தால்தான் கடலில் இறங்குவார்களாம். நீவாடு என்றால் நீரோட்டம். கடலுக்குள் ஓடும் காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

58 என்ற எண்

பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் ஏறியதும் ஓட்ட முடியவில்லை. இறங்கி, சைக்கிளை எங்களுக்கும் காற்றுக்கும் நடுவே வைத்துத் தள்ளினோம். 2.3 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அருகிலேயே 1914இல் திறந்த பழைய ரயில் பாலம்; அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் இங்கே ரயிலுக்குச் சிக்னல் விழாது. வண்டி நின்று காற்றுக்கு வழிவிட வேண்டும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு, புயலலை தனுஷ்கோடி பாசஞ்சரை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கொண்டுபோனது. ஊரும் போனது. பாலத்தை 46 நாளில் சீரமைத்துவிட்டார்கள். ஊரைத் திரும்பக் கட்டவில்லை.

அன்றிரவு பாம்பனில், கருவாடு விற்கும் ஒரு அக்காவின் வீட்டு முற்றத்தில் கூடாரம். உவரிக் கயிற்றை முருங்கை மரத்தில் கட்டினோம்.

திரும்பும் வழி

எட்டாம் நாள் காலை ராமேஸ்வரம் கடந்து, 2017இல் திறந்த சாலையில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போனோம். தெற்கே மன்னார் வளைகுடா சீறிக்கொண்டிருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆண் கடல். வடக்கே பாக் நீரிணை சலனமில்லாமல்; அது பெண் கடல். வாடைக் காலம் வந்தால் சீற்றம் இடம் மாறிவிடுமாம். வழியில், தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரில் கை வைத்தேன். காற்று அரித்த பவளக்கல், தேன்கூடு மாதிரி. முனையில் சாலை வட்டமடித்து நின்றுவிடுகிறது. மாலைக்குப்பின் அங்கே யாரும் தங்க அனுமதியில்லை, ஆகவே திரும்பினோம்.

திரும்பிய அந்த நொடியில் கச்சான் இடது கன்னத்தில் அறைந்தது. எட்டு நாளில் முதல்முறையாக முன்னாலிருந்து. மணல் பல்லில் நறநறத்தது. நான்கைந்து நிமிடங்களில் தொடை எரிந்தது. எதிரே மோதும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடுக்கும் விசை நான்கு மடங்கு என்பதை மகள் சொல்லவில்லை, சொல்ல மூச்சில்லை. ஒருவர் முன்னே, மற்றவர் அவருக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னே, காற்று மறைவில். கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாறினோம். அவள் முன்னே போகும்போதெல்லாம், சிறுவயதில் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடியது நினைவுக்கு வந்தது. இப்போது அவள் முதுகு எனக்குக் காற்றை மறைத்துக்கொண்டிருந்தது. ராமேஸ்வரம் வரையிலான இருபத்து நாலு கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம்.

முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் எங்கள் கால்களால் வந்தோம் என்று அதுவரை நினைத்திருந்தோம். சின்னமுட்டத்துப் பெரியவர் முதல் நாளே சொன்னது அப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது.

இரவு பாம்பன் அக்கா மீன்குழம்போடு காத்திருந்தார். நாங்கள் வந்த கோலத்தைப் பார்த்து, “ஊருக்கும் இப்புடியே மிதிச்சுப் போகப் போறீகளா?” என்று கேட்டார். ரயிலில் சைக்கிளை ஏற்றுவது பற்றிச் சொன்னேன்.

“எதுக்குண்ணே? இங்கனயே போட்டுட்டுப் போங்க. தை பொறக்கட்டும். வாடை நல்லா விழுந்ததும் வாங்க. அது கொண்டுபோய்க் கன்னியாகுமரியில விட்டுரும்.”

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தூத்துக்குடியில் கட்டிக் கிடந்த தோணிகள் இரண்டு பேர் கண்ணிலும் வந்துபோயின. இரவோடு இரவாகச் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டோம். சைக்கிள்கள் இரண்டையும் அவர் வீட்டு ஓலைச்சாய்ப்பில், கருவாட்டுச் சாக்கால் போர்த்தி, உவரிக் கயிற்றால் தூணோடு கட்டினோம்.

இதை எழுதும்போது அவை அங்கேயே இருக்கின்றன. சென்னையில் மொட்டைமாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று காலையில் எழுந்ததும் பார்க்கிறாள் மகள். இன்னும் வாடை வரவில்லை.